ஊஞ்சல் காசு

கண்டாவளை முன்பள்ளி முற்றத்தில் ஊர்க்கூட்டம் நன்றாகச் சூடேறியிருந்தது.

"வெளிநாட்டில இருக்கிற எங்கட சனம் பிள்ளையளுக்கு ஊஞ்சல் போடச் சொல்லி அனுப்பின காசு எங்க?" வயல் செய்யும் கமக்காரர் சின்னராசா மைக்கில் கத்திய கத்தலில் வேப்பமரத்துக் காகங்கள் எல்லாம் பறந்தன. "ஊஞ்சலும் இல்லை, ஒரு முழக் கயிறும் இல்லை!"

"ஓம், ஓம்!" என்றது சனம்.

அந்தக் காசுக்குப் பொறுப்பான சிறுவர் சங்கத் தலைவி கமலாசனி ரீச்சர் கணக்குக் கொப்பியை மடியில் வைத்தபடி இருந்தார்.

"கள்ளம் இல்லாட்டி வாயைத் திறந்து கணக்கைச் சொல்ல வேண்டியதுதானே?" சின்னராசாவுக்குத் தொண்டை வறண்டது. சோடாவில் ஒரு மிடறு குடித்துக்கொண்டார்.

ரீச்சர் எழும்பினார்.

"காசு முழுக்கக் கையில இருக்கெண்டு முதல் கூட்டத்திலயே சொன்னனான். பின்னுக்கு நிண்டவைக்குக் கேக்கேல்லை எண்டியள். அடுத்த கூட்டத்துக்கு மைக்கும், அதுக்கொரு ஜெனறேற்றரும் வாடகைக்கு எடுத்தன். நிண்டு கால் உளையுது எண்டியள். அதுக்கடுத்த கூட்டத்துக்குக் கதிரையள் எடுத்தன். வெறும் வாயோட அனுப்பிறதோ எண்டு கேட்டியள். இண்டைக்கு வடையும் சோடாவும். காசு முடிஞ்சுது."

சின்னராசா கையிலிருந்த சோடாப் போத்தலைப் பார்த்தார். மிச்சத்தையும் குடித்து முடித்தார்.

"கேட்டியளோ! பிள்ளையளின்ர காசைக் கூட்டம் வைச்சே கரைச்சுப் போட்டா! இதை விசாரிக்க உடன ஒரு கூட்டம் வைக்க வேணும்!"

"ஓம், ஓம்!" என்றது சனம்.

பின்வரிசையில் ஒருவர் கையை உயர்த்தினார்.

"மாரி மழை தொடங்குது. பந்தலும் போடச் சொல்லுங்கோ!"