இடது பக்க ஜன்னல்

"நீல வண்டில டிக்கெட் தீர்ந்துபோச்சுங்க ஐயா," என்று மேஸ்திரி குரோசே வாய் கூசாமல் பொய் சொன்னார்.

நாரிதா விமான நிலையத்திலிருந்து டோக்கியோவுக்கு இரண்டு எக்ஸ்பிரஸ். நீல வண்டிதான் சீக்கிரம் போகும். சிவப்பு வண்டி சுற்றிக்கொண்டு போகும், இறங்கி இன்னொரு ரயில் வேறு மாற வேண்டும்.

எதிரே நின்ற மியாரா கிழவர், நாட்டின் தெற்குக் கோடியில் இருக்கும் இஷிகாகித் தீவில் கரும்பு போடுகிறவர்; இப்போதுதான் விமானத்தில் வந்து இறங்கியிருந்தார். அவர் மகன் தைக்கி, குரோசேயிடம் தண்டவாள வேலை பார்த்தவன். முந்தாநாள் வேலையில் இருக்கும்போதே ரயில் அடித்துச் செத்துப்போனான். இன்று மத்தியானம் தகனம். பெட்டியை மூடுவதற்குள் பெற்றவர் போய் முகம் பார்த்தாக வேண்டும்.

"இன்னொரு தரம் கேட்டுப் பாருங்க தம்பி. இடது பக்கம், ஜன்னலோரமா ஒரே ஒரு சீட் கிடைச்சாப் போதும். நீங்க அடுத்த வண்டில வாங்க."

மகன் சாவுக்குப் போகும்போது ஜன்னல் சீட் கேட்கிறதா இந்த மனுஷனுக்கு என்று குரோசேக்கு எரிச்சலாக வந்தது. கவுன்டரில் இருந்த பெண், சீட் நிறைய இருக்கே என்று வாயெடுப்பதற்குள் கிழவரின் பையைத் தூக்கிக்கொண்டு சிவப்பு வண்டிப் பக்கம் நடையைக் கட்டினார்.

வழியெல்லாம் கிழவர் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டு வந்தார். கைக்குள் ஒரு காகிதப் பொட்டலம். என்ன என்று கேட்டதற்கு, கருவெல்லம், பையனுக்கு உயிர் என்றார்.

குரோசே முகத்தைத் திருப்பிக்கொண்டார். இருந்தாலும் தான் செய்தது சரிதான் என்று நினைத்துக்கொண்டார். தைக்கி அடிபட்ட இடத்தை ஒட்டித்தான் நீல வண்டி போகிறது. கூட வேலை பார்த்தவர்கள் வைத்த பூக்கள் வேலியோரம் இன்னும் கிடக்கின்றன. பெத்த மனசு அதைப் பார்த்தால் தாங்குமா? கொஞ்சம் தாமதமானாலும் பரவாயில்லை, அந்தக் கொடுமை வேண்டாம்.

நல்லவேளை, மயானத்தில் பெட்டியை இன்னும் மூடவில்லை. கிழவர் மகன் கன்னத்தைத் தடவிக்கொண்டே நின்றார். வெல்லத்தை உள்ளே வைக்கிறீர்களா என்று மயானத்து ஆள் தணிவாகக் கேட்டார். கிழவர் தலையாட்டி மறுத்துவிட்டார். அவ்வளவுதான், பெட்டி தகன உலைக்குள் போனது, இரும்புக் கதவு மூடிக்கொண்டது.

காத்திருக்கும் அறையில் தேநீர் ஆறிக்கொண்டிருந்தது. குரோசேயால் அதற்குமேல் மனதில் வைத்துக்கொள்ள முடியவில்லை. எழுந்து நின்று இடுப்பு வளையக் குனிந்தார்.

"மன்னிக்கணும் ஐயா. நீல வண்டில இடம் இருந்துச்சு. அது அந்த இடத்தைத் தாண்டித்தான் போகுது. உங்க கண்ணுல படவேணாம்னுதான் பொய் சொன்னேன்."

நல்ல மனசுப்பா உனக்கு என்று ஒரு வார்த்தை வரும் என்று எதிர்பார்த்தார்.

கிழவர் பொட்டலத்தைப் பார்த்தபடியே பேசினார். "தாண்டிப் போகும்னு தெரியும் தம்பி. எந்தப் பக்கம்னுகூட விசாரிச்சுட்டுத்தான் வந்தேன். வெளியூர்ல செத்தவனை, செத்த இடத்துல பேர் சொல்லிக் கூப்பிட்டாத்தான் அவன் உசிரு நம்மகூட வீட்டுக்கு வரும். எங்க வீட்டு வழக்கம். உங்ககிட்ட சொன்னா, பட்டிக்காட்டான்னு சிரிப்பீங்களோன்னு கூச்சமா இருந்துச்சு."

குரோசே பதறிப்போனார். "இப்பவே போலாங்க ஐயா. வண்டில எதுக்கு, நேரா அந்த இடத்துக்கே கூட்டிட்டுப் போறேன்."

கிழவர் பொட்டலத்தை மேஜைமேல் வைத்தார்.

"உடம்பு இருக்கறப்பவே கூப்பிடணும் தம்பி. இனிமே அவன் அந்தத் தண்டவாளத்துலயேதான் நிக்கணும்."