பொய்க்கால் குதிரையில் வந்தவன்

கழுத்தில் கயிறு ஏறிவிட்டது. குதிரையைத்தான் காணோம்.

கோரஸ் மூன்றாம் சுற்றைப் பாட ஆரம்பித்தது. வழக்கமாக இரண்டு சுற்றுதான். பிச்சைக்காரர்களும் திருடர்களும் தூக்குமேடையைச் சுற்றி வந்து பாடுவார்கள். இரண்டாம் சுற்று முடியும்போது ராணியின் தூதன் பொய்க்கால் குதிரையில் ஆடிக்கொண்டே உள்ளே வருவான். சிவப்பு நாடா கட்டிய தங்கக் காகிதச் சுருளைப் பிரித்து மன்னிப்பை வாசிப்பான். திருடனுக்கு விடுதலை, பங்களா, மாதாமாதம் பென்ஷன். ஜனம் விழுந்து விழுந்து சிரிக்கும்.

தூதன் வரும்வரை பாட்டை நிறுத்தக் கூடாது. அது டைரக்டர் மைதிலியின் கட்டளை.

யாரோ ஒரு ஜெர்மன்காரர் அந்தக் காலத்தில் எழுதிய பாட்டு நாடகம். ஏழையைக் கடைசி நிமிடத்தில் காப்பாற்றக் குதிரை எல்லாம் வராது என்று நக்கல் அடிக்கத்தான் அந்தக் குதிரையையே வைத்திருக்கிறார். ஒத்திகையில் மைதிலி இதை விளக்கியபோது திருடனாக நடிக்கும் அவனும் சிரித்தான். அப்போது டில்லி, அவனுடைய தம்பி, வீட்டில் இருந்தான்.

இப்போது ஜெயிலில் இருக்கிறான்.

எங்கோ நடந்த சங்கிலி அறுப்புக்காக, பழைய கேஸ் உள்ளவர்களை எல்லாம் தெருவோடு அள்ளிக்கொண்டு போனார்கள். அதில் தம்பியும் போனான். வலிப்புக்காரன். மாத்திரை தவறினால் விழுவான். ஜெயில் வாசலில் கொடுத்த மாத்திரை உள்ளே போய்ச் சேரவில்லை. புதன்கிழமை விழுந்து நெற்றியில் நாலு தையல்.

இன்று வெள்ளிக்கிழமை. நாலரை மணிக்கு ஜாமீன் உத்தரவு கைக்கு வந்தது. நாலாக மடித்த வெள்ளைத் தாள், ஊதா முத்திரை. வக்கீல் அதை நீட்டிவிட்டு வாட்சைப் பார்த்தார்.

“ஆறு மணிக்குள்ள இது ஜெயில் வாசல்ல இருக்கிற ஜாமீன் பெட்டியில விழணும். விழுந்தா இன்னிக்கே வெளிய வந்துடுவான். இல்லைன்னா திங்கக்கிழமைதான் பாத்துக்கோ.”

திங்கட்கிழமை வரை டில்லி தாங்க மாட்டான்.

ஆறரைக்கு நாடகம். அவன்தான் கதாநாயகன், முதல் காட்சியிலிருந்தே மேடையில் நிற்க வேண்டும். தூதனுக்குக் கடைசியில்தான் வேலை. தூதனாக வரும் ரூபனிடம் பைக்கும் இருந்தது.

“நீ போய் மேக்கப் போடுண்ணா. நான் பெட்டியில போட்டுட்டு வந்துர்றேன்.” தாளைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு ரூபன் கிளம்பினான்.

போனவன் போனவன்தான். ஆரம்பிப்பதற்கு முன் எல்லோருடைய போனையும் ஒரு பிளாஸ்டிக் வாளியில் வாங்கிப் பூட்டி வைப்பது இந்தக் குழுவின் வழக்கம். கேட்டுத் தெரிந்துகொள்ளவும் வழியில்லை. இரண்டு மணி நேரமாக அவன் மேடையில் பாடினான், பூட்டை உடைத்தான், காதலித்தான், மாட்டிக்கொண்டான்.

நாலாம் சுற்று.

ஆர்மோனியக்காரர் அவனைப் பார்த்தார். அவன் பக்கத் திரையைப் பார்த்தான். பொய்க்கால் குதிரை ஆள் இல்லாமல் சுவரில் சாய்ந்திருந்தது.

தாமதம் நல்லதுதான் என்று நினைத்துக்கொண்டான். பெட்டி மூடியிருந்தால் ரூபன் ஏழரைக்கே திரும்பியிருப்பான். தாளைப் போட்டுவிட்டான். டில்லியைக் கையோடு கூட்டி வரத்தான் நிற்கிறான்.

நினைத்த மாத்திரத்தில் பயம் கூடியது. வரும் வழியில் பைக் சறுக்கியிருந்தால்?

ஐந்தாம் சுற்று. பாடுகிறவர்களுக்குத் தொண்டை கட்ட ஆரம்பித்தது. முன்வரிசையில் ஒருவர் கொட்டாவி விட்டார். கயிறு நிஜத் தேங்காய் நார்க்கயிறு, வியர்வை பட்டு அரித்தது. கைகளைப் பின்னால் கட்டியதுபோல் வைத்திருக்க வேண்டும். சொறியவும் முடியாது.

அரங்கின் கடைசி வாசலையே பார்த்துக்கொண்டிருந்தான். நெற்றியில் பிளாஸ்திரியோடு அந்த இருட்டில் ஒருவன் வந்து நின்றுவிட மாட்டானா? நின்றால் போதும். கயிற்றோடு குதித்து ஓடிவிடுவான். நாடகம் நாசமாய்ப் போகட்டும்.

ஆறாம் சுற்று பாதியில் இருக்கும்போது சலங்கைச் சத்தம் கேட்டது.

குதிரை வந்துவிட்டது.

கூட்டம் ஆரவாரம் செய்தது. அவன் கயிற்றோடு ஓர் அடி முன்னால் வைத்தான். சந்தோஷத்தில்தான்.

ரூபன் தலைப்பாகை வைக்கவில்லை. முகத்தில் பூச்சு இல்லை, ரோட்டுப் புழுதிதான் இருந்தது. குதிரைக்கு மேலே மத்தியானம் போட்டிருந்த அதே கட்டம் போட்ட சட்டை. ஆடவேண்டியவன் ஆடாமல் நேராக நடந்து வந்தான்.

அவன் ரூபனின் கண்ணைத் தேடினான். ரூபன் தலையை நிமிர்த்தவில்லை.

கையில் சுருள் இல்லை. அது பக்கத் திரைக்குப் பின்னால் மேஜை மேலேயே சிவப்பு நாடாவோடு கிடந்தது.

ரூபன் சட்டைக்குள் கையை விட்டான்.

நாலாக மடித்த வெள்ளைத் தாளை எடுத்துப் பிரித்தான். விளக்கு வெளிச்சத்தில் ஊதா முத்திரை மறுபக்கம் வரை தெரிந்தது.

“மாட்சிமை தங்கிய மகாராணியின் ஆணை. இவனை இக்கணமே விடுதலை செய்க.”

யாரிடமோ நெடுநேரம் கெஞ்சித் தேய்ந்துபோன குரல் அது.

பங்களாவையும் பென்ஷனையும் அதே குரலில் வாசித்து முடித்தான். ஜனம் விழுந்து விழுந்து சிரித்தது.

தூக்குப் போடுபவராக நடித்தவர் கயிற்றைக் கழற்றக் கிட்டே வந்தார். அவன் பின்னால் வைத்திருந்த கைகளை முன்னால் கொண்டுவந்தான். கயிற்றை இறுக்கிப் பிடித்துக்கொண்டான். கழற்ற விடவில்லை.

கொட்டாவி விட்டவர் நிமிர்ந்து உட்கார்ந்து கைதட்டினார்.

“ஜெர்மன்ல இது கிடையாது,” என்றார் பக்கத்து நாற்காலிக்காரரிடம். “நம்மாளுங்க சேர்த்திருக்காங்க.”