அறுநூற்று நாற்பது

மூன்று மணி நேரம், நாற்பத்தாறு நிமிடங்கள்.

இவ்வளவு நேரமும் அவள் ஓடிக்கொண்டிருக்கிறாள். இன்னும் வீட்டை விட்டுக் கிளம்பவில்லை.

மொட்டைமாடி. கைப்பிடிச் சுவரை ஒட்டி ஒரு சுற்று ஓடினால் ஐம்பது மீட்டர். டேப் வைத்து இரண்டு முறை அளந்திருக்கிறாள். அறுநூற்று நாற்பது சுற்று என்றால் முப்பத்திரண்டு கிலோமீட்டர்.

நேராக ஓடியிருந்தால் ஒத்தக்கடையிலிருந்து மேலூரைத் தாண்டியிருப்பாள்.

இன்னும் இருபத்தொரு நாளில் கோயம்புத்தூரில் மாரத்தான். அதற்கு முன் ஒருமுறையாவது முப்பத்திரண்டை முடித்திருக்க வேண்டும் என்கிறது பயிற்சி அட்டவணை. இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் முயன்று பாதியில் விட்டாள். இது மூன்றாவது, கடைசியும்கூட. முடித்தால் போவாள். ஒரு சுற்று குறைந்தாலும் போகமாட்டாள்.

இது அவளுக்கு அவளே போட்டுக்கொண்ட விதி. வேறு யாருக்கும் தெரியாது.

தெருவில் ஒரே ஒரு நாள் ஓடிப் பார்த்தாள்.

"யாரும்மா தொரத்துறா?"

டீக்கடையிலிருந்து வந்த குரல். அக்கறையாகத்தான் கேட்டார். உடன் இருந்தவர்கள் சிரித்தார்கள்.

மறுநாளிலிருந்து மாடி.

அதிகாலை நான்கு மணிக்குத் தொடங்கியபோது எதிரே ஆனைமலை இல்லை. இருநூற்றைம்பதாவது சுற்றில், வானத்தைவிடக் கொஞ்சம் கறுப்பாக ஏதோ படுத்திருந்தது. முந்நூற்றைம்பதில் அதற்கு முதுகு வந்தது. பிறகு பாறையின் மேல் வெளிச்சம் மெல்ல இறங்கியது, யாரோ போர்வையை விலக்குவதுபோல.

ஒவ்வொரு சுற்றிலும் மலை எதிரே வந்தது. இடப்பக்கம் போனது. முதுகுக்குப் பின்னால் மறைந்தது. மறுபடி வந்தது.

பூமி சுற்றுகிறது என்று படித்திருக்கிறாள். பார்த்தது இப்போதுதான்.

ஐந்நூறுக்கு மேல் கால்கள் அவளுடையவையாக இல்லை. பஸ்ஸைப் பிடிக்க நாலு எட்டு ஓடினாலே மடங்கிய கால்கள். இப்போது அவளைக் கேட்காமலே போய்க்கொண்டிருந்தன. கோயிலுக்குள் நிற்பவளைப்போல, தனக்குள்ளே பேச்சடங்கி அவள் அவற்றைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

டக்.

வடக்கு மூலையில் தரை ஓடு ஒன்று பெயர்ந்திருக்கிறது. மிதித்தால் சத்தம் போடும். நேர் கீழே வீட்டுக்கார அம்மா பௌசியாவின் படுக்கையறை. மாடி அறையை வாடகைக்கு விடும்போது அவர் சொன்னது ஒன்றே ஒன்றுதான். மாடியில் சத்தம் கூடாது.

தாண்டிக் குதித்துப் பார்த்தாள். குதித்து விழுந்த சத்தம் அதைவிடப் பெரிதாக இருந்தது. அதனால் முடிந்தவரை மெதுவாக மிதித்தே ஓடுகிறாள்.

டக். இருபத்திரண்டு நொடி. டக்.

எட்டு மாதமாகிறது. பௌசியா ஒன்றும் கேட்டதில்லை. காலையில் வாசல் நாற்காலியில் உட்கார்ந்து, விரலில் மாட்டிய பச்சைக் கவுண்ட்டரை அமுக்கி எண்ணியபடி ஏதோ ஓதிக்கொண்டிருப்பார். அவள் தலையைக் குனிந்தபடி கடந்துபோவாள். என்றைக்காவது ஒருநாள் கேட்பார் என்று தெரியும்.

அவளிடமும் ஓர் எண்ணிக்கை உண்டு. கட்டைவிரல், விரல் கணுக்களின் மேல் ஒவ்வொன்றாக நகரும். பத்தானதும் சுவர்மேல் இருக்கும் ஒரு கிண்ணத்திலிருந்து இன்னொன்றுக்கு ஒரு புளியங்கொட்டை. மொத்தம் அறுபத்து நான்கு கொட்டைகள்.

தண்ணீர்ப் பாட்டிலுக்குக் கை நீட்டினாள்.

கை, நினைத்த இடத்துக்குப் போகவில்லை.

இரண்டு கிண்ணங்களும் சரிந்தன. பாதிக் கொட்டைகள் மாடியில் உருண்டன. பாதி கீழே பௌசியாவின் வாசலில் சடசடவென்று விழுந்தன.

நின்றாள்.

கட்டைவிரல் ஏழாவது கணுவில் இருந்தது.

ஏழு. எந்த ஏழு?

ஐந்நூற்று எண்பத்தேழாக இருக்கலாம். அறுநூற்று இருபத்தேழாகவும் இருக்கலாம். கைக்கடிகாரத்துக்கு நேரம் தெரியும். இத்தனை சிறிய வட்டத்தில் அதற்குத் தூரம் தெரியாது. சந்தேகத்துக்கு ஐம்பது சுற்று கூடுதலாக ஓடிவிடலாம். கால்களில் ஐம்பது இல்லை.

அவளுக்கு வேலை தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில். 'ஏறக்குறைய' என்று அவள் ஒருநாளும் எழுதியதில்லை.

சுவரில் சாய்ந்தாள். முதுகு மெல்லச் சரியத் தொடங்கியது.

அப்போது படியில் காலடி கேட்டது.

ஒரு படி. நின்றது. இன்னொரு படி. நின்றது.

பௌசியா. முழங்கால் வலியால் மூன்று வருடமாக மாடிப் பக்கமே வராதவர். துணி காயப்போடக்கூட ஆள் வைத்திருப்பவர்.

அந்த நாள் வந்துவிட்டது. மன்னிப்புக் கேட்க வார்த்தை தேடினாள். மூச்சுதான் வந்தது.

பௌசியா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். முக்காடு தோளில் நழுவிக் கிடந்தது. அவருக்கும் மூச்சு வாங்கியது. உருண்டு கிடந்த கொட்டைகளைப் பார்த்தார். அவளைப் பார்த்தார்.

"உக்காந்துறாத," என்றார். "போன ஞாயித்துக்கெழம நானூத்திப் பன்னண்டுல நிறுத்திட்ட. அன்னைக்கு எனக்குச் சோறு எறங்கல."

கையை நீட்டினார். ஆள்காட்டி விரலில் ஒரு கவுண்ட்டர். பச்சை இல்லை. சிவப்பு. புதியது.

வெயிலில் எண்கள் தெரியவில்லை.

அவளுடைய கட்டைவிரல் இன்னும் ஏழாவது கணுவிலேயே இருந்தது.

பௌசியா கவுண்ட்டரைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய், நிதானமாக வாசித்தார்.

"அறுநூத்திப் பதினேழு."