ஒரு கார்டுக்கு ஒரு நாய்

"இது உன் நாய்தானாம்மா?"

கவுண்ட்டரில் இருந்தவர் கேட்டதும், இரண்டு பெஞ்ச் தள்ளி யாரோ எவரோ போல உட்கார்ந்திருந்த ரமா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

முத்தம்மா அசரவில்லை. கையில் சுருண்டு கிடந்த வெள்ளைப் பொமரேனியனைத் தடவிக்கொண்டே, "என் நாய்தான் சார்" என்றாள்.

சில்க்கி ரமாவின் நாய். முத்தம்மா ரமா வீட்டில் பாத்திரம் தேய்ப்பவள். நீட்டிய பச்சை ரேஷன் கார்டு மட்டும்தான் அவளுடையது.

பிராணிகளுக்கான அந்தத் தர்ம ஆஸ்பத்திரியில், ஏழைகளுக்குத் தரும் பச்சைக் கார்டு இருந்தால் ஆபரேஷன் இலவசம். ரமாவுக்கு அது எப்படிக் கிடைக்கும்? மாமனார் விதான சௌதா தலைமைச் செயலகத்தில் பெரிய உத்தியோகம் பார்த்தவர். சொந்த வீடு, வாசலில் பெயர்ப் பலகை. கணவன் வெங்கியின் கம்பெனி சம்பளம் போட்டு மாதக்கணக்கில் ஆகிறது என்று பெயர்ப் பலகையிலா எழுதி வைக்க முடியும்?

காலையில் சில்க்கியால் எழுந்து நிற்கவே முடியவில்லை. கர்ப்பப்பையில் சீழ், இன்றைக்கே எடுக்காவிட்டால் பிழைக்காது என்று தெருக்கோடி டாக்டர் சொல்லிவிட்டார். அவர் கேட்ட தொகைக்கு விற்க நகைகூட மிச்சமில்லை.

அந்த நேரம் பார்த்து முத்தம்மா வந்து, "அம்மா, இன்னிக்கு ஒரு நாள் லீவு..." என்று இழுத்தாள். ரமா முடிக்க விடவில்லை. அழுதுகொண்டே எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தாள். குனிந்து சில்க்கியைத் தொட்டுப் பார்த்த முத்தம்மா, இடுப்பிலிருந்து கார்டை எடுத்து, வாங்க போலாம் என்று கிளம்பிவிட்டாள்.

இப்போது கவுண்ட்டர்காரர் கார்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"போன வாரம் ஒரு கருப்பு நாயைக் கூட்டிட்டு வந்தியே, கழுத்துல கட்டியோட? ஒரு கார்டுக்கு ஒரு நாய்தான். கொத்தல்லா, தெரியும்ல?"

ரமா பெஞ்சு நுனிக்கு நகர்ந்தாள்.

"அது செத்துப் போச்சு சார்" என்றாள் முத்தம்மா.

"சரி, பொமரேனியன் உனக்கு ஏது?"

"வேலை செய்யற வீட்டுல வளத்தாங்க. நோவு வந்ததும் வேணாம்னு எங்கிட்டத் தள்ளிட்டாங்க."

ரமாவுக்குச் சுருக்கென்றது. கவுண்ட்டர்காரர், என்ன ஜனங்களோ என்று முணுமுணுத்தபடி பேனாவை எடுத்தார். பூனைக் கூடையோடு பக்கத்தில் இருந்த அம்மாள், இவர்களுக்கெல்லாம் நாய் ஒரு கேடா என்று ரமாவிடமே கேட்டாள். ரமா தலையாட்டி வைத்தாள்.

சில்க்கியை உள்ளே கொண்டு போனார்கள். ஒவ்வொரு தடவை கதவு திறக்கும்போதும் ரமா பாதி எழுந்து, மறுபடி உட்கார்ந்தாள். என்ன ஆயிற்று என்று கேட்க அவள் யார்? நாய்க்குச் சொந்தக்காரி கதவோரம் நிற்கிறாளே.

பயத்தோடு கோபமும் சேர்ந்துகொண்டது. எப்படிச் சரளமாகப் பொய் வருகிறது இவளுக்கு! வீட்டில் சர்க்கரை சீக்கிரம் தீர்ந்துபோவதுகூட இப்போது புரிகிற மாதிரி இருந்தது. அந்தப் பொய்யில்தான் சில்க்கியின் உயிர் தொங்கிக்கொண்டிருக்கிறது என்பது அவளுக்கு மறந்தே போயிற்று.

சாயங்காலம் டாக்டர் வெளியே வந்து, "பொழைச்சுக்கும்மா" என்று முத்தம்மாவிடம் சொன்னார். பெஞ்சில் இருந்த ரமா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

ஆட்டோவில் ஏறியதும் முதல் வேலையாகக் கேட்டாள்: "எங்களை ஏன் அப்படிச் சொன்னே?"

"தப்புதாம்மா. வேற எதுவும் வாய்க்கு வரல."

முத்தம்மாவின் மடியில் மயங்கிக் கிடந்த சில்க்கியைப் பார்த்ததும் ரமாவின் கோபம் கரைந்தது. கொஞ்சம் வெட்கமாகவும் இருந்தது.

"போகட்டும். உன் நாய் செத்துப் போனதை எங்கிட்டச் சொல்லவே இல்லையே முத்தம்மா. எப்போ?"

முத்தம்மா சில்க்கியின் மேல் போர்த்தியிருந்த துண்டைச் சரிசெய்தாள்.

"சாகலம்மா. அதுக்கும் இன்னிக்குத்தான் ஆபரேஷன்னு சொல்லியிருந்தாங்க. அது இன்னும் கொஞ்ச நாள் தாங்கும், இது தாங்காதுன்னு..."

முத்தம்மா குடியிருக்கும் ஈஜிபுராவுக்குப் போகிற திருப்பம் வந்தது. ஆட்டோவை நிறுத்தச் சொல்லி, சில்க்கியை மெதுவாக ரமாவின் மடிக்கு மாற்றினாள்.

"நான் இங்கேயே இறங்கிக்கறேன்மா. வெறும் வயித்தோட கூட்டிட்டு வரணும்னாங்க, ராத்திரியிலேருந்து அதுக்குச் சோறு வெக்கல. போய் வெக்கணும்."