மூன்றாம் பீப்பாய்

வாசலில் 'வைன் குகை' என்று பலகை தொங்கியது. உள்ளே எட்டிப் பார்த்தால் பங்கர்.

சண்டைக் காலத்தில் யாரோ தோண்டி, மேலே தென்னங்குற்றி அடுக்கி, மண்ணைக் கொட்டி விட்டுப்போன பங்கர். வவுணதீவில், வயல் வட்டைக்கு நடுவில், குகைக்கு வேறு எங்கே போவது? பிரான்சில் எட்டு வருடம் திராட்சை பிடுங்கிவிட்டு வந்த ஜசிந்தன் அதற்குச் சீமெந்து பூசி, மூன்று மரப் பீப்பாய்களைக் கிடத்திப் பெயரும் வைத்துவிட்டான்.

இதற்குள் மனிதர் நுழைந்தால் உடும்பு வெட்கப்பட்டு வெளியே வந்துவிடும் என்றார் கல்லடி ஜோசப்பீன் மாமி.

மாமி வந்ததே ஏசுவதற்குத்தான். பாசிக்குடாப் பக்கத்து ஹோட்டல் ஒன்றின் டிசம்பர் நத்தார் விருந்துக்குப் பதினொரு வருடமாக மாமியின் வைன்தான் போகிறது. இந்த வருடம் மனேஜருக்கு ஜசிந்தனின் வைனில் ஒரு கண். ஆனாலும் மாமியின் நாக்கு சரி சொன்னால்தான் வாங்குவேன் என்று அவரையும் கையோடு கூட்டி வந்திருந்தார்.

மாமியின் நாக்கு லேசுப்பட்ட நாக்கல்ல. அக்கரையில் போத்தல் திறந்தால் இக்கரையில் புளிப்புச் சொல்லும் என்று ஊரில் பேச்சு. கடைசி மூன்று வருடத்து வைன்தான் எல்லாவற்றிலும் திறம் என்று ஹோட்டலே கடிதம் கொடுத்திருந்தது. மாமி அதைக் கண்ணாடிச் சட்டம் போட்டு யேசுநாதர் படத்துக்குக் கீழே மாட்டியிருந்தார். மேலே மாட்ட மனமிருந்தது, பயம் விடவில்லை.

நான்காவது ஆள் ஜெயராஜா சேர். ஓய்வுபெற்ற பள்ளிக்கூட அதிபர். லண்டனில் மகள் வீட்டில் இரண்டு தரம் வைன் குடித்தவர். அதைப் பற்றி இரண்டாயிரம் தரம் பேசியவர்.

உள்ளே ஒரேயொரு மெழுகுதிரி, அதுவும் பீப்பாய்க்குப் பக்கத்தில். வைனுக்கு வெளிச்சம் ஆகாதாம். ஆட்களின் முகமே தெரியவில்லை என்று மாமி மூன்று தரம் முறையிட்டார். வைன் குடிக்க முகம் எதற்கு என்று சேர் கேட்டார்.

குடிக்கத் தந்ததோ சிரட்டை. அந்த இருட்டில், அந்தச் சிரட்டையில், வாவித் தண்ணீரும் வைனும் ஒரே கறுப்பு.

ஜசிந்தன் நீளக் கண்ணாடிக் குழாயைப் பீப்பாயின் வாய்க்குள் இறக்கி, மேல் நுனியைப் பெருவிரலால் பொத்தித் தூக்கினான், ஆஸ்பத்திரியில் இரத்தம் எடுக்கிறவனைப் போல.

முதலாவது நாவற்பழம். ஜெயராஜா சேர் சிரட்டைக்குள் மூக்கைப் புதைத்து, மழை பெய்து ஓய்ந்த வயலின் வாசம் என்றார். மாமி அவர் முடிக்கும் வரை பொறுத்திருந்து, வயலின் வாசம் வயலில் இருந்து வருகிறது, இது இருமல் மருந்து என்றார்.

இரண்டாவது கஜு, அதாவது மரமுந்திரிப் பழம். மனேஜர் கனைத்தார். கனைப்பைக் கேட்டதும், தொண்டையை வாள்போட்டு அறுக்கிற சாமான் என்று மாமி தீர்ப்புச் சொன்னார். மனேஜர் கைத்தொலைபேசி வெளிச்சத்தில் அதைக் குறித்துக்கொண்டார்.

அடுத்து சிரட்டைகளை நிரப்பியபோது ஜசிந்தன் ஏதோ சொன்னான். பங்கரையும் சிரட்டையையும் பிரான்சையும் மாமி ஒரே மூச்சில் ஏசிக்கொண்டிருந்ததால் ஒருவர் காதிலும் அது விழவில்லை.

மாமி ஒரு வாய் எடுத்தார். காத்திருந்தார்.

ஒருவரும் கனைக்கவில்லை. சேர்கூட வாய் திறக்கவில்லை.

வேறு வழியில்லாமல் மாமி வெளுத்து வாங்கினார். புளித்த கள், கருகின சீனி, எலி குடியிருந்த சாக்கு. இதில் ஒரு துளி வாவியில் விழுந்தால் அங்கே பாடுகிறதாகச் சொல்கிற மீனெல்லாம் ஊமையாகிவிடும்.

தனக்கும் கருகல் தட்டியது என்றார் சேர். சாக்கு மணம் தனக்குத்தான் முதலில் வந்ததாம். மனேஜர் 'சாக்கு' என்று எழுதி, கீழே கோடு போட்டார்.

ஜசிந்தன் மாமியின் காதருகே குனிந்தான்.

"மாமி, மூண்டாம் பீப்பாய் இன்னம் திறக்கல்ல. இது வாய் கொப்பளிக்கத் தந்த பச்சத் தண்ணி."

உரத்துச் சொல்லியிருந்தால் பதினொரு வருடமும் அந்த இடத்திலேயே முடிந்திருக்கும். அவன் உரத்துச் சொல்லவில்லை. போய் மூன்றாம் பீப்பாயைத் திறந்தான். திறந்தது எத்தனையாவது பீப்பாய் என்று எண்ணிப் பார்க்க மற்ற இருவருக்கும் தோன்றவில்லை.

திறக்கிறவன்தான் முதல் வாய் குடிக்க வேண்டும் என்பது அவன் பிரான்சில் பழகிய பழக்கம். குடித்தான். மெழுகுதிரி நேரே அவன் முகத்தில் பட்டது.

மாமி சிரட்டையைப் பார்க்கவில்லை. அந்த முகத்தையே பார்த்தார். முதலில் அது பயந்தது. பிறகு, அவனுக்கே தெரியாமல், மெல்ல அவிழ்ந்தது.

மாமி தன் பங்கை ஒரே மடக்கில் குடித்தார்.

"இத எழுதுங்க," என்றார் மனேஜரிடம். "இதுதான் வைன்."

லண்டனில்கூட இப்படி ஒன்று கிடைக்காது என்று சேர் உடனே சொன்னார். மனேஜர் இரண்டு கோடு போட்டார். இந்த நத்தாருக்கு ஜசிந்தனின் வைன்.

வெளியே வெயில் கண்ணைக் குத்தியது. மற்றவர்கள் ஹோட்டல் வாகனத்தில் ஏறும் வரை நின்று, எவ்வளவு காலமாக என்று ஜசிந்தன் மெல்லக் கேட்டான்.

"அந்தக் கொரோனாக் காய்ச்சல் வந்துபோய் மூண்டு நத்தார், மனே. இப்ப ஆக்கள்ர முகத்தப் பாத்துத்தான் ருசி சொல்றன்," என்றார் மாமி. "ஹோட்டல்காரனுகள் தந்த கடதாசி வீட்ட தொங்குது. வந்து கழட்டிக்கொண்டு போ."