பக்கத்து இலை

"மொதலாளி, வயிறு சுருங்கிப்போனவங்க இப்புடியா அள்ளிப் போட்டுக்குவாங்க?"

கடையின் பின்புறச் சாக்கடையில் குனிந்து, தின்ற நாலு கவளத்தையும் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருந்த முத்துலிங்கம் திடுக்கிட்டு நிமிர்ந்தார். சரக்கறை வாசலில் சுளகும் கையுமாக அழகம்மா நின்றாள். தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்து ஓய்ந்த பிறகு, அவருடைய மளிகைக் கடைக்குப் பருப்பில் கல் பொறுக்க வருகிறவள். எழுபதைத் தொட்ட உடம்பு, காய்ந்த விறகுக் குச்சி மாதிரி.

"சத்தம் போடாத. பித்தப்பை ஆபரேஷன். கொஞ்ச நாளைக்கு அப்புடித்தான் இருக்கும்."

கொட்டகலை பஜார் முழுக்க அவர் விற்றுத் தீர்த்திருந்த பொய் அது. உண்மைச் சரக்கு வேறு. நூற்று முப்பத்தெட்டுக் கிலோவோடு கடல் தாண்டிச் சென்னைக்குப் போய், இரைப்பையில் முக்கால்வாசியை வெட்டி எறிந்துவிட்டு வந்திருந்தார். தின்று தின்று தாங்காமல் வயிற்றையே அறுத்துக்கொண்டான் என்று ஊர் சிரிக்குமே! நினைத்தாலே காது மடல் சுட்டது. 'ஏற்கெனவே செய்துகொண்டவர்களோடு பேசுங்கள், பாதி குணமாகிவிடும்' என்று டாக்டர் சொல்லித்தான் அனுப்பினார். கொட்டகலையில் அப்படி ஆளை எங்கே தேடுவது?

"பித்தப்பைன்னா இப்புடி வராதுங்க. நாலு வாய்க்கு மேல போனா நெஞ்சுல கல்லு மாதிரி நிக்கும். வேர்க்கும். வாயில எச்சி ஊறும். அப்பறம் எல்லாம் வெளிய. எனக்கும் அப்புடித்தானே இருந்துச்சு."

முத்துலிங்கம் வாயைத் துடைத்துக்கொண்டார். அல்சருக்கோ எதற்கோ இவளுக்கும் வயிற்றை வெட்டியிருக்கிறார்கள்! இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டு சரக்கறைக்குள் நுழைந்தார். அப்பா காலத்துக் கனத்த கதவு. அதை ஒருக்களித்துச் சாத்திவிட்டு ஒரு பருப்பு மூட்டை மேல் உட்கார்ந்தார்.

"ஒனக்குமா? வெளியில மூச்சு விட்டுறாத. எனக்கும் வயித்தச் சின்னதாக்கிட்டாங்க. வர்ற ஞாயித்துக்கெழம எம் மக ஊர்மிளாவுக்குக் கல்யாணம். மாப்புள்ளயோட அப்பா, நோர்வூட்டுக்காரர், என் பக்கத்து இலையில ஒக்காருவார். நான் கை வைக்கலன்னா மதிக்கலம்பார். வச்சேன்னு வையி, அவர் பட்டு வேட்டியிலதான் போய் விழும். அத்தோட மானமும் போச்சு, சம்பந்தமும் போச்சு."

அழகம்மா சிரிக்கவில்லை. கீழே உட்கார்ந்து சுளகை மடியில் வைத்துக்கொண்டாள்.

"மொதல்ல பருப்பு. சோறு கடேசிதான். ஒவ்வொரு வாயும் கூழாகுற மட்டும் மெல்லுங்க. சோத்தோட தண்ணி குடிக்காதீங்க. மூக்குல தண்ணி எட்டிப் பாத்தா, வயிறு போதுங்குதுன்னு அர்த்தம். அதுக்கு மேல ஒரு பருக்கை போகக் கூடாது."

"முடி கொட்டுது அழகம்மா." கம்பளித் தொப்பியைக் கழற்றிக் காட்டினார்.

"கொட்டும். மூணாம் மாசம் கொத்துக் கொத்தா வரும். பயப்படாதீங்க, மொளச்சிரும். குளுரு எலும்புல ஏறும், ரெண்டு கம்பளியாப் போத்துங்க. வெடுக்குனு எந்திரிக்காதீங்க, கண்ணு இருட்டிரும். அடுத்த வீட்டுல தாளிச்சா அழுகை வரும். அழுதுருங்க."

எதிர்க் கடையில் ரொட்டி கொத்தும் வாசனைக்கு நேற்றுக் கண்ணீர் விட்டதை அவர் மனைவியிடம்கூடச் சொல்லவில்லை.

"ஆபரேஷனுக்கு முன்னாடி பதினஞ்சு நாள் வெறும் கஞ்சித் தண்ணிதான் குடுத்தானுக. செத்துப் பொழச்சேன்."

"பதினஞ்சு நாள்தானா?" என்றாள்.

"அத விடு. பந்திக்கு என்ன வழி?"

"இந்தப் பக்கம் ஒரு சின்னப் புள்ளய ஒக்கார வச்சிக்கிருங்க. சோத்த நல்லாப் பெசையுங்க. கை வாய்க்குப் போய்ப் போய் வரணும், வாய் அசைஞ்சிக்கிட்டே இருக்கணும். பேச்சுக் குடுத்துக்கிட்டே சோத்த அந்தப் புள்ள பக்கம் தள்ளிருங்க. அது தின்னுட்டுப் போயிரும். நாம திங்கலங்கிறது மட்டும் அதுக்குத் தெரியக் கூடாது."

"நீ செஞ்சு பாத்திருக்கியா?"

"எத்தனையோ நாளு. ஒரு நாளும் மாட்டிக்கிட்டதில்ல."

ஆபரேஷன் முடிந்த ஒரு மாதத்தில் முதல் தடவையாக முத்துலிங்கம் வாய்விட்டுச் சிரித்தார். தன்னைப்போல இன்னொரு ஆள், அதுவும் தன் சரக்கறைக்குள்ளேயே! வெட்கம் சட்டென்று பாதி விலைக்கு இறங்கிவிட்டது. மனசு தாராளமானது.

"கல்யாணத்துக்கு வந்துரணும். கடேசிப் பந்தி இல்ல, மொதப் பந்தி, தெரியுதா அக்கா?"

அவள் கல் பொறுக்க வந்த ஆறு வருடத்தில் அவர் வாயிலிருந்து வந்த முதல் 'அக்கா' அது. அழகம்மா தலையை நிமிர்த்தி ஒரு தடவை பார்த்துவிட்டு மறுபடி குனிந்துகொண்டாள்.

"ஆமா, ஒங்களுக்கு எந்த ஆஸ்பத்திரியில பண்ணுனாங்க? இத்தனை வருசமாத் தாங்குதே, கைராசியான டாக்டராத்தான் இருக்கணும்."

அழகம்மா சுளகிலிருந்து ஒரு கல்லைப் பொறுக்கி ஓரமாகப் போட்டாள்.

"ஆஸ்பத்திரியா? எம் மேல கத்தியே படலிங்க. எழுபத்து நாலு பஞ்சத்துல, எம் புள்ளைக ரெண்டும் சின்னதுக, ஒங்க அப்பா மாவு மூட்டைய கூரை முட்ட அடுக்கி நாலு மாசம் பூட்டி வச்சிருந்தாரே, அப்பச் சுருங்குனதுங்க. பூட்டுனது இதே ரூம்புதான்."