இடம் மாறிய துண்டு

டொக்டர் கணினித் திரையை அவர்கள் பக்கம் திருப்பினார்.

கோபிகா கதிரையை இழுத்துக்கொண்டு கிட்டப் போனாள். பயந்துபோய் இருக்க வேண்டியவள்தான். இரண்டு கரு கலைந்து, மூன்றாவது ஐந்து மாதத்தைத் தொட்டிருக்கிறது. ஆனால் கண் அந்தப் படத்தை விட்டு வரவில்லை.

வரி விழுந்த சின்னத் துண்டுகள், சோடி சோடியாக. வயிற்றிலிருக்கும் பிள்ளையின் நிறமூர்த்தங்கள், குரோமோசோம்கள். கொழும்பில் அவளின் பனிக்குட நீரை எடுத்துப் பார்த்த படம்.

டொக்டர் இரண்டைத் தொட்டுக் காட்டினார். "இந்த இரண்டிலையும் நுனித் துண்டுகள் இடம் மாறியிருக்கு. ஆனால் ஒண்டும் குறையவுமில்லை, கூடவுமில்லை. பிள்ளைக்கு இதாலை பயமில்லை."

"சந்நிதியானே," என்று பின்னால் பெருமூச்சு விட்டாள் அம்மா மீனாம்பிகை.

கோபிகாவின் இரத்தத்திலும் அதே மாற்றம் இருந்ததாம். முதல் இரண்டும் தங்காததற்கு அதுதான் காரணமாயிருக்கும். அவளுக்கும் அது பெரும்பாலும் தாயிடமிருந்தோ தகப்பனிடமிருந்தோ வந்திருக்க வேண்டும் என்றார் டொக்டர்.

அவள் மறுபடியும் திரையைப் பார்த்தாள்.

யாரோ ஒருவர் உடம்பு முழுக்க இதே மாற்றத்தோடு நடமாடியிருக்கிறார். ஆணா, பெண்ணா? நல்ல உயரமா? சிரித்தால் கன்னத்தில் குழி விழுமா? அந்த ஆளுக்கும் பிள்ளைகள் தங்காமல் போயினவா?

"என்னட்டையிருந்துதான்," என்றாள் அம்மா. குரலில் ஒரு தடுமாற்றமும் இல்லை. "எனக்கும் முதலிலை தங்கேல்லை."

"அப்ப உங்கடை இரத்தத்தையும் ஒருக்காப் பாப்பமே?"

அம்மா யோசிக்கவில்லை. சேலைத் தலைப்பை ஒதுக்கிவிட்டுக் கையை நீட்டினாள்.

கோபிகா அந்தக் கையைப் பிடித்து மெல்லக் கீழே இறக்கினாள்.

"வேண்டாம் டொக்டர். எனக்கு எல்லாம் அம்மாட்டையிருந்துதான்."

டொக்டர் தலையாட்டிவிட்டு அடுத்த ஸ்கானுக்குத் திகதி பார்க்கத் தொடங்கினார்.

அம்மா மட்டும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

தொண்ணூற்றைந்துச் சண்டையில், யாழ்ப்பாணம் முழுக்கக் கொட்டும் மழையில் இடம்பெயர்ந்து போனபோது, நாவற்குழிப் பாலத்தடியில் கேட்பாரற்று அழுதுகொண்டிருந்த ஒரு கைக்குழந்தையை மீனாம்பிகை தூக்கிக்கொண்டு நடந்தாள். கோபிகா பள்ளிக்கூடம் போன காலத்தில் ஒரு மாமி வாய் தவறி அதைச் சொல்லியிருந்தாள்.

கோபிகாவுக்கு அது தெரியும் என்பது அம்மாவுக்கு இன்றுதான் தெரிந்தது.